தார், ஜிம்னி, பொலிரோவுக்கு இரும்புப் பின் பம்பர்: நம் பக்கத்துச் சாலைகளில் எது தாங்குகிறது, எது விட்டுவிடுகிறது

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் பின் பம்பர் வாங்காதீர்கள். கடையில் நிமிர்த்தி வைத்திருக்கும்போது எல்லாமே முரட்டு பம்பராகத்தான் தெரியும்: கறுப்பு பவுடர் கோட்டிங், இரண்டு பக்கமும் இழுவைக் கயிறு மாட்டும் சிவப்பு வளையம் (ஷேக்கிள்), நடுவில் லேசரில் வெட்டிய பெயர். நாலைந்து மழைக்காலம் கழித்து அதே பம்பர் ஆடுகிறதா, நிற்கிறதா என்பது அதைச் சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிடித்திருக்கும் இரண்டு பிராக்கெட்டின் கையிலும், எட்டுப் பத்து போல்ட்டின் கையிலும் இருக்கிறது. வாங்குபவர்கள் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் பர்கூர், ஜெகதேவி பக்கத்துக் கிரானைட் குவாரிப் பாதைகள், அஞ்செட்டியைச் சுற்றியுள்ள கிளைச் சாலைகள், அரூரைத் தாண்டிச் சித்தேரி ஏறும் வழி எல்லாவற்றிலும் பம்பருக்கு விழும் அடி ஒரே மாதிரிதான். பெரிய மோதல் அபூர்வம். வரிவரியாக மேடு விழுந்த மண் பாதையில் மணிக்கணக்காக வரும் அதிர்வுதான் அதிகம். கல்லில் ஒருமுறை பலமாக இடித்தால் தகடு நெளியும். அதைத் தட்டி எடுத்துவிடலாம். அதிர்வோ வெல்டிங் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசலைத் தொடங்கி வைக்கும்.

தகட்டின் கனத்தைப் பற்றி முதலில். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் லாரி பாடி, டிராக்டர் டிரெய்லர் கட்டும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அங்கே போய்க் கேட்டால், “அண்ணே, 6 எம்.எம்.லயே போட்டுரலாம், ஆயுசுக்கும் அசையாது” என்பார்கள். லாரிக்கு அது சரி. 1 சதுர மீட்டர் இரும்புத் தகடு ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 7.85 கிலோ. மேல், முகம், அடி மூன்றும் சேர்ந்த ஒரு பம்பருக்கு 0.8 சதுர மீட்டர் தகடு போனால், 3 மி.மீ.க்கு 19 கிலோ, 4 மி.மீ.க்கு 25, 6 மி.மீ.க்கு கிட்டத்தட்ட 38 கிலோ. பிராக்கெட்டும் ஷேக்கிள் தகடும் இன்னும் 8 முதல் 10 கிலோ சேர்க்கும். ஸ்டெப்னியைத் தாங்கி, கதவுபோலத் திறக்கும் கை வைத்தால் இன்னொரு 20.

இந்த எடை விழும் இடம் பின் அச்சுக்கும் பின்னால் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூன்று கதவுத் தாரின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம், 2450 மி.மீ. அச்சிலிருந்து 80 செ.மீ. பின்னால் 60 கிலோ தொங்கவிட்டால் பின் அச்சில் ஏறுவது கிட்டத்தட்ட 80 கிலோ. முன் அச்சில் 20 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசாவதும், இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் முகத்தில் அடிப்பதும் இதனால்தான். எங்கள் பரிந்துரை: முகத்துக்கும் மேலுக்கும் 3 மி.மீ., கல்லில் உரசும் அடி விளிம்புக்கும் இரண்டு மூலைகளுக்கும் 4 மி.மீ., பிராக்கெட்டுக்கு 6 முதல் 8 மி.மீ. தகடு ஐ.எஸ். 2062 தரத்தில் கிடைக்கும் சாதாரண மைல்டு ஸ்டீலே போதும். அலுமினியம் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், விரிசல் விட்டால் டிக் வெல்டிங் தெரிந்த ஆளைத் தேடி ஓசூர் வரை போக வேண்டியிருக்கும்.

குழாய் பம்பர் கேட்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: ஜி.ஐ. தண்ணீர்க் குழாயில் செய்து தருவார்கள், வாங்காதீர்கள். துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் ஆவியாகி, தையலுக்குள் ஊசித் துளைகளை விடும். வெல்டருக்கும் அந்தப் புகை கேடு. கறுப்புக் குழாய், வெளிவிட்டம் 48.3 மி.மீ., சுவர் 3.2 மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள்.

இனி பிராக்கெட். சேசிஸ் கம்பியின் (வண்டியின் நீளத்துக்கு ஓடும் கனமான இரும்புச் சட்டத்தின்) பின்முனையில் கம்பெனி பம்பர் உட்காரும் துளைகள் ஏற்கெனவே இருக்கும். நல்ல பிராக்கெட் அந்தத் துளைகளை மட்டும் பயன்படுத்தும். கம்பியின் பக்கவாட்டையும் முனையையும் சேர்த்து இரண்டு தளத்தில் பிடிக்கும். மலிவானது முனையில் மட்டும் ஒரு சதுரத் தகடாக உட்காரும். கயிறு கட்டிக் கோணலாக இழுக்கும்போது அந்தத் தகடு வாயைத் திறந்துவிடும். புதிதாகச் சேசிஸில் துளை போடுகிறேன், வெல்ட் வைக்கிறேன் என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். வாரன்டி போவது ஒரு பக்கம், சூட்டினால் கம்பியே அந்த இடத்தில் பலவீனமாகும். வண்டியில் மாட்டிய நிலையிலேயே பம்பரில் சின்ன வெல்டிங் செய்தாக வேண்டுமென்றால் பேட்டரி நெகடிவ்வைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்ட் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வுக்கு ஆபத்து.

பிராக்கெட்டில் இரண்டு தகடு செங்கோணத்தில் சேரும் மூலையைப் பாருங்கள். அங்கே முக்கோணத் தாங்கு தகடு இல்லையென்றால் விரிசல் அங்கேதான் தொடங்கும். கழுவிக் காய்ந்த வண்டியில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால், வெல்டிங் ஓரத்தோடு ஒட்டிப் பெயின்ட்டின்மேல் நூல்போல ஒரு பழுப்புக் கோடு தெரியும். விரலால் துடைத்தால் போகும், அடுத்த மழையில் அதே இடத்தில் திரும்ப வரும். பெயின்ட்டுக்கு அடியில் இரும்பு பிளந்து துரு கசிகிறது என்று அர்த்தம். அதன்மேலேயே இன்னொரு வெல்ட் ஓட்டினால் கொஞ்ச நாளில் பக்கத்தில் கீறும். கிரைண்டரால் விரிசலை அடிவரை தோண்டி எடுத்து, திரும்ப நிரப்பி, தாங்கு தகடு சேர்த்தால்தான் நிற்கும்.

போல்ட்டில் நடக்கும் தவறுகள் மூன்று. துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுவது முதலாவது. கடையில் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450 மெகாபாஸ்கலில் நீளத் தொடங்கும், தலையில் 8.8 என்று பொறித்த ஸ்டீல் போல்ட் 640 வரை தாங்கும். ஜிங்க் பூசிய 8.8 போதும். அடுத்தது, பவுடர் கோட்டிங் மேலேயே பிராக்கெட்டை வைத்து முறுக்குவது. அழுத்தத்தில் அந்தப் பூச்சு மெல்ல நசுங்கி, போல்ட் தானாகத் தளர்ந்துவிடும். சேசிஸைத் தொடும் முகத்தை டேப் ஒட்டி மறைத்துவிட்டுக் கோட்டிங்குக்கு அனுப்பி, அந்த இடத்தில் மெல்லிய ஜிங்க் பிரைமர் மட்டும் அடிக்க வேண்டும். மூன்றாவதுதான் மோசம். பெட்டி வடிவக் கம்பியின் குறுக்கே நீள போல்ட்டை விட்டு, உள்ளே குழாய்த் துண்டு வைக்காமல் முறுக்கினால் கம்பியின் சுவர் உள்வாங்கும். எவ்வளவு முறுக்கினாலும் பிடி நிற்காது. உள்ளே நுழைகிற அளவில் கனமான குழாய்த் துண்டை, கம்பியின் உள் அகலத்துக்குச் சரியாக வெட்டி வைத்தால் தீர்ந்தது.

எம் 12 (12 மி.மீ.) போல்ட்டை முறுக்கச் சுமார் 80 நியூட்டன் மீட்டர், எம் 10-க்கு 45 முதல் 50. முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் நீளக் குழாய் மாட்டி முறுக்கும் இடத்தில் சேசிஸுக்குள் ஒட்டியிருக்கும் நட்டு பிடுங்கிக்கொண்டு சுற்றும். பிறகு கம்பியை வெட்டாமல் அதை எடுப்பது பெரும்பாடு. மாட்டிய 500 கி.மீ.யில் ஒருமுறையும், அப்புறம் ஒவ்வொரு சர்வீஸிலும் முறுக்கைச் சரிபாருங்கள். நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால் குனிந்து பார்த்தே நகர்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

இடைவெளியும் முக்கியம். தார், ஜிம்னி, பொலிரோ எல்லாமே ஏணிச் சேசிஸ் வண்டிகள். பாடி ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது, பம்பரோ நேரே சேசிஸில். ஒரு சக்கரம் பள்ளத்திலும் ஒரு சக்கரம் மேட்டிலும் இருக்கும்போது இரண்டும் வேறு வேறு பக்கம் அசையும். சமதளத்தில் அழகாக ஒட்டினாற்போல் மாட்டிய பம்பர் முதல் கரட்டுப் பாதையிலேயே பாடியின் பெயின்ட்டைத் தின்றுவிடும். சுற்றிலும் 12 முதல் 15 மி.மீ. விடுங்கள். ஜிம்னியில் சைலன்சர் பின் அச்சுக்குப் பின்னால் குறுக்கே கிடக்கிறது, ரப்பரில் தொங்கி ஆடவும் செய்யும். அங்கே 40 மி.மீ.யாவது வேண்டும்.

இழுவைக் கொக்கி என்ற பெயரில் முகத்தகட்டின்மேல் ஒட்டிய காது வெறும் அலங்காரம். ராயக்கோட்டைப் பக்கம் மழை ஊறிய செம்மண்ணில் அச்சு வரை இறங்கிய வண்டியை இழுக்கும்போது வரும் விசை வண்டியின் எடையைத் தாண்டலாம். அப்போது அது தகட்டோடு பிய்ந்து பறக்கும். குறைந்தது 12 மி.மீ. கனத் தகடு, பம்பர் முகத்தை ஊடுருவி உள்ளே போய்ப் பிராக்கெட்டோடு சேர்ந்திருக்க வேண்டும். முகத்தகட்டின் இரண்டு பக்கமும் முழு வெல்டிங். முக்கால் அங்குல வில் ஷேக்கிளுக்கு 4.75 டன் வேலைச் சுமை என்று அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும். பொறிப்பு இல்லாததை வாங்க வேண்டாம். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்டி இழுப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். அது முறிந்து குண்டாகப் பாய்ந்து உயிர் போன சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு.

துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வரும். பெட்டியாக மூடிய பம்பருக்குள் சேறும் செம்மண்ணும் புகுந்து, ஈரத்தோடு கட்டியாகி, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெளியே கோட்டிங் பளபளவென்றிருக்க, அடித் தையல் வழியாகப் பழுப்புத் தண்ணீர் சொட்டும். இதற்கு மருந்து பம்பரின் மிகத் தாழ்ந்த இடத்தில் 12 முதல் 15 மி.மீ. வடிகால் துளை, இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று. 5 மி.மீ. துளை சேற்றில் அடைத்துக்கொள்ளும். வண்டி கழுவும்போது துளை வழியாகவே பிரஷர் தண்ணீரை விட்டு, சிவப்பு நின்று தெளிவாக வரும்வரை அடிக்க வேண்டும். காய்ந்த பிறகு உள்ளே கேவிட்டி வாக்ஸ் என்ற துருத் தடுப்பு மெழுகு. பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவது நம்மூர் வழக்கம். துரு தள்ளிப்போவது உண்மை, ஆனால் சொட்டிக்கொண்டே இருக்கும், ரப்பரையும் கெடுக்கும். கோட்டிங்குக்குக் கொடுக்கும்போது மணல் அடித்துச் சுத்தம் செய்த இரும்பின்மேல் ஜிங்க் பிரைமர், அதன்மேல் பவுடர் என்று கேளுங்கள். வெறும் பவுடர் கல் பட்ட ஒரு புள்ளியிலிருந்து தோலுக்கு அடியில் துரு பரவி, ஏடு ஏடாக உரியும்.

ஸ்டெப்னிக் கை: பழைய அளவு டயரே போதுமென்றால் தவிர்த்துவிடுங்கள். 31, 33 அங்குல டயருக்கு மாறியவர்களுக்கு வேறு வழியில்லை, கதவுக் கீல் அந்த எடைக்குச் செய்ததல்ல. அப்போதும் கீலுக்குள் கூம்பு பேரிங் இருக்கிறதா, கிரீஸ் நிப்பிள் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் புஷ் போட்டது குவாரித் தூசியில் சீக்கிரம் தேய்ந்து, கை கீழே தொங்க ஆரம்பிக்கும். பூட்டும் இடத்தில் ரப்பர் தாங்கி இல்லையென்றால் கடகட சத்தம் காதைத் தின்னும்.

ரிவர்ஸ் சென்சார்களை இரும்பில் நேராக அழுத்திச் செருகினால் சும்மாவே கத்தும். ரப்பர் வளையம் வைத்துச் செருக வேண்டும், முகம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கக் கூடாது; சாய்ந்தால் தரையையே தடையாக எடுத்துக்கொள்ளும். 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம் என்பதால் துண்டித்து விடுவதும் சரியல்ல. சிவப்பு ரிஃப்ளெக்டர், நம்பர் பிளேட் விளக்கு இரண்டும் புது பம்பரில் இடம்பிடிக்க வேண்டும். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் பூட்டை உடைக்காமல் கழற்ற முடியாது. பழைய பம்பரிலேயே பிளேட் இருக்கும் வண்டியென்றால் அதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சட்டத்தையும் மறைக்க வேண்டியதில்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்தும் பதிவு விவரத்திலிருந்தும் வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டு, புல் பார்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. அது முன்பக்கத்தைத்தான் முதலில் குறிவைக்கிறது என்றாலும், பின்பக்கம் இரும்பு வைத்தவர் தப்பித்தார் என்று நினைக்க வேண்டாம். இன்னொன்று: தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பின்னால் வரும் லாரி இடித்தால், நசுங்கி விசையை உள்வாங்க வேண்டிய கம்பெனி பம்பர் இருந்த இடத்தில் நசுங்காத இரும்பு இருக்கும். அடி நேரே சேசிஸுக்கும் உள்ளே இருப்பவர் கழுத்துக்கும் போகும். நெடுஞ்சாலையில் மட்டுமே ஓடும் வண்டிக்கு இந்த பம்பர் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வண்டியை ஏற்றிச் சோதித்துப் பார்க்கலாம் என்ற ஆசையும் வேண்டாம்; அங்கே பம்பர் உதவாது.

மாட்டியதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய கம்பெனி பம்பரை, அதன் கிளிப், போல்ட், வயர் சாக்கெட்டோடு சாக்கில் கட்டிப் பரணில் போட்டு வையுங்கள். வாரன்டி வேலைக்கு ஷோரூம் கேட்டாலும், வண்டியை விற்கப் போனாலும், அதிகாரி கழற்றச் சொன்னாலும் அது தேவைப்படும். கிளிப் ஒவ்வொன்றாகத் தேடி வாங்குவது பம்பர் வாங்குவதைவிடத் தொல்லை.