இரும்புக் கேட்டும் கருப்புக் கட்டமும்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் என் மாமனார் நடத்திவரும் இரும்புப் பட்டறையில் கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, தகரக் கூரை ஆகியவற்றைச் செய்கிறோம். வரைபடமும் கணக்கும் என் பொறுப்பு. எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் சித்தூர் வட்டத்துத் தமிழர்கள், மீதிப்பேர் கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி வட்டாரத்தில் இருப்பவர்கள். காகிதத்தில் படத்தைப் பார்த்துத் தலையாட்டிய வீட்டுக்காரர், கேட்டைத் தூணில் மாட்டிய அன்று "இவ்வளவு உயரமாகவா சொன்னோம்?" என்று கேட்பது எங்கள் தொழிலில் புதிதன்று. அந்தப் பேச்சைக் குறைக்கலாம் என்ற எண்ணத்தில்தான், இன்னும் செய்யாத கேட்டை அதன் இடத்திலேயே நிற்பதுபோல் அலைபேசித் திரையில் காட்டும் ஏ.ஆர். (ஆக்மென்டட் ரியாலிட்டி) முறையை நான்கு ஆண்டுகளுக்கு முன் கையில் எடுத்தேன். கடையில் விற்கும் செயலி எதையும் வாங்கவில்லை; கேமராப் படங்களை ஆராய உதவும் ஓப்பன்சிவி நிரல் தொகுப்பை வைத்து நானே எழுதிக்கொண்டேன். ஆகவே கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை என்னுடையவை.

முறை எளிமையானது. கருப்புக் கரையிட்ட ஒரு சதுரக் குறியை, அதாவது மார்க்கரை, வாசலில் வைக்கிறோம். கேமரா அதன் நான்கு மூலைகளையும் கண்டுபிடிக்கிறது. சதுரத்தின் உண்மையான அளவும் கேமராவின் குவியத் தொலைவும் முன்கூட்டியே தெரிந்திருந்தால், அந்த நான்கு புள்ளிகளிலிருந்தே மார்க்கர் எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து இருக்கிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். 1999இல் ஹிரோகாசு காட்டோவும் மார்க் பில்லிங்கர்ஸ்ட்டும் வெளியிட்ட ஏ.ஆர்.டூல்கிட் என்ற நிரல் தொகுப்பின் வழி இதுவே. நான் பயன்படுத்துவது ஸ்பெயினின் கோர்டோபா பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய அருக்கோ மார்க்கர். உள்ளே 4 × 4 கட்டங்கள் கொண்ட, 50 குறிகள் அடங்கிய தொகுப்பு. கட்டங்கள் குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றும் பெரிதாக அமைகிறது, தூரத்திலிருந்தும் தெரிகிறது. எங்களுக்கு இரண்டு குறிகளே போதும்.

முதன்முதலில் இதைக் காட்டிய வீட்டில், மார்க்கரைத் தரையில் வைத்து, கேட்டைத் திரையில் வரவழைத்து, பெருமையோடு அலைபேசியை நீட்டினேன். வீட்டுக்காரரின் தாயார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இந்தக் கோடியில சரியா நிக்குது, அந்தக் கோடியில ஒரு சாண் மேல மெதக்குதுங்களே" என்றார். நான் மார்க்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எல்லாம் நூல் பிடித்தாற்போல் பொருந்தியிருந்தது. அந்த அம்மா பார்த்தது மறுமுனையை. அன்று அவர் பார்த்த இடம்தான் பார்க்க வேண்டிய இடம் என்பது எனக்கு விளங்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மார்க்கரின் மேல் ஒரு மெய்நிகர்ச் சதுரத்தை வரைந்து அது கச்சிதமாக அமர்ந்தால் கணக்கு சரி என்று நம்புவது இயல்பு. ஆனால் அளவு தவறினாலும், கேமராவின் கணக்கு தவறினாலும், சாய்வு சிறிது தவறினாலும், மார்க்கரின் மேல் அநேகமாக ஒன்றும் தெரியாது; ஏனென்றால் அந்த நான்கு மூலைகளோடு பொருந்தும்படிதான் கணக்கே போடப்படுகிறது. தள்ளிப் போகப் போகத்தான் குட்டு வெளிப்படும்.

அந்த வீட்டில் நடந்த தவறு கேமராவைச் சார்ந்தது. சதுரங்கப் பலகைபோல் கட்டமிட்ட தாளைப் பல கோணங்களில் படமெடுத்துக் கேமராவின் குவியத் தொலைவு, படத்தின் மையம், லென்ஸ் ஓரங்களில் ஏற்படும் வளைவு ஆகியவற்றைக் கண்டறியும் கேலிப்ரேஷன் முறை 2000ஆம் ஆண்டிலிருந்தே எல்லோரும் பின்பற்றுவது. நானும் முப்பது படங்கள் எடுத்து ஒழுங்காகத்தான் செய்திருந்தேன். ஆனால் அந்தப் படங்களை 4:3 விகிதத்தில் புகைப்படமாக எடுத்துவிட்டு, செயலியில் 16:9 விகிதக் காணொளியைப் பயன்படுத்தினேன். காணொளிக்காகக் கேமரா படத்தின் மேலும் கீழும் வெட்டிச் சுருக்குவதால், ஒன்றுக்குக் கண்ட எண்கள் மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. போதாக்குறைக்கு, கை ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதியும் இயங்கிக்கொண்டிருந்தது. அது ஓரங்களை இன்னும் கொஞ்சம் வெட்டி, படத்தை ஒவ்வொரு நொடியும் நகர்த்திக்கொண்டே இருந்தது. இப்போது அதே காணொளி அளவில், சமன்செய்யும் வசதியை நிறுத்தி, குவியத்தை ஏறக்குறைய 3 மீட்டரில் பூட்டிவைத்துத்தான் கேலிப்ரேஷன் செய்கிறேன். கணக்கு சொல்லும் மூலைகளுக்கும் படத்தில் தெரியும் மூலைகளுக்கும் உள்ள சராசரி விலகல் அரைப் பிக்சலுக்குள் வராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

அடுத்தது அச்சு. 20 செ.மீ. மார்க்கரை ஏ4 தாளில் அச்சிட்டபோது, அச்சுப்பொறி அதைத் தாளுக்குள் அடக்குவதற்காகத் தானாகவே 19.4 செ.மீ. ஆக்கிவிட்டது. யாரும் அளந்து பார்க்கவில்லை. 100க்கு 3 என்பது கேட்கச் சிறிதாக இருந்தாலும், 12 அடிக் கேட்டில் அது 4 அங்குலத்துக்கும் மேல். திரையில் தூணுக்கும் கேட்டுக்கும் நடுவே பூனை நுழையும் இடைவெளி விழுந்தது. அதோடு, 21 செ.மீ. தாளில் 20 செ.மீ. குறியை வைத்தால் சுற்றிலும் வெள்ளை ஓரம் இருக்காது. கருங்கல் தரையில் வைத்ததும் கருப்புக் கரையும் தரையும் ஒன்றாகிவிட, கேமராவுக்குச் சதுரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. குறைந்தது ஒரு கட்டத்தின் அகலமாவது வெள்ளை விட வேண்டும். இப்போது 30 செ.மீ. மார்க்கரை ஃப்ளெக்ஸ் கடையில் ஸ்டிக்கராக அடித்து, இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த ஏ.சி.பி. பலகையில் ஒட்டிவைத்திருக்கிறோம். முதலில் பயன்படுத்திய சன்போர்டு என்னும் நுரைப் பலகை சித்திரை வெயிலில் அப்பளம்போல் வளைந்தது. வளைந்த சதுரத்திலிருந்து எந்தக் கணக்கும் நேராக வராது. ஸ்டிக்கர் பளபளப்பில்லாத மேட் வகையாக இருக்க வேண்டும் என்பதை, வெயில் பட்டு வெள்ளையாகிப்போன மூன்று பலகைகளுக்குப் பிறகு கற்றுக்கொண்டேன்.

ஏன் 30 செ.மீ. என்பதற்கு ஒரு கணக்கு உண்டு; இதை முன்பே போட்டுப் பார்த்திருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். என் அலைபேசிக் காணொளியில் குவியத் தொலைவு, பிக்சல் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 1000; அதாவது ஒரு மீட்டர் தள்ளியுள்ள ஒரு மீட்டர் அகலப் பொருள் 1000 பிக்சல் அகலமாகத் தெரியும். 3 மீட்டர் தள்ளி நின்றால் 20 செ.மீ. மார்க்கர் 67 பிக்சல் அகலமாகத் தெரியும். மூலை கண்டறிவதில் ஒரு பிக்சல் பக்கவாட்டில் பிசகினால் இடத்தில் 3 மி.மீ. விலகல் வரும், பட்டறைப் பேச்சில் ஒரு நூல். அதே ஒரு பிக்சல் மார்க்கரின் அகலத்தில் பிசகினால் தூரத்தில் 4.5 செ.மீ. விலகும். பக்கவாட்டில் கண்ணாடிபோல் துல்லியமாக இருக்கும் இந்த முறை, முன்னும் பின்னும் அவ்வளவு துல்லியமற்றது. 30 செ.மீ. பலகை அதே இடத்தில் 100 பிக்சலாகத் தெரிவதால் அந்தப் பிசகு 3 செ.மீ. ஆகக் குறைகிறது. சாய்வின் கதை இதைவிட மோசம்: ஒரே ஒரு பாகை தவறினால் 12 அடி தள்ளியிருக்கும் மறுமுனை 6 செ.மீ.க்கு மேல் ஏறும் அல்லது இறங்கும்.

சாய்வில்தான் எங்களுக்கு மெய்யான இழப்பு ஏற்பட்டது. எங்கள் பக்கத்தில் சாலையிலிருந்து முற்றத்துக்குச் சரிவாகக் காங்கிரீட் போட்டிருப்பார்கள். அந்தச் சரிவில் மார்க்கரை வைத்து ஒரு கேட்டைக் காட்டினோம். 20 அடிக்கு ஓர் அடி என்ற சரிவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 6 அடி உயரக் கேட்டின் தலை அதனால் மூன்றரை அங்குலம் பின்னுக்குச் சாய்ந்து, எதிரே நின்று பார்ப்பவருக்கு மதிலின் உச்சியோடு சமமாக இருப்பதுபோல் தோன்றியது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துத்தான் உயரத்தைச் சொன்னார். மாட்டிய பிறகு கேட் மதிலைவிட உயர்ந்து நின்றது. மேல்வளைவை அறுத்து மறுபடியும் பற்றவைத்துக் கொடுத்தோம், கூலி எங்களுடையது. அன்று மேஸ்திரி என்னிடம், "மாப்ளே, ரசமட்டம் வைக்காத வேலை எந்தக் காலத்துல நேரா நின்னுச்சு?" என்றார். நான் அதுவரை ரசமட்டத்தை இரும்புக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன்.

அதிலிருந்து மார்க்கரைத் தரையில் வைப்பதில்லை. தூணின் முகப்பில், ரசமட்டம் பார்த்து, தூக்குக்குண்டு விட்டுச் சரிபார்த்து நிறுத்துகிறோம். தூணில் ஒட்டியதும் வேறொரு சிக்கல் வந்தது: மார்க்கருக்கு நேரெதிரே நின்று பார்த்தால் கேட் சட்டென்று முன்னே மடங்கும், சட்டென்று பின்னே மடங்கும். ஒரு தட்டையான சதுரத்தை நேராகப் பார்க்கும்போது, இடது ஓரம் சற்றே நம் பக்கம் திரும்பியிருந்தாலும் வலது ஓரம் திரும்பியிருந்தாலும் படம் ஏறத்தாழ ஒன்றாகவே விழும். ஆகவே கணக்குக்கு இரண்டு விடைகள் கிடைக்கின்றன, சிறு அசைவிலும் செயலி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. இதற்கு நான் செய்தவை இரண்டு. ஒன்று, சற்றே பக்கவாட்டில், முப்பது நாற்பது பாகை விலகி நின்று காட்டுவது. மற்றொன்று, அலைபேசியிலுள்ள முடுக்கமானி புவியீர்ப்பின் திசையைத் தருவதால், மேல் எது கீழ் எது என்பதை மார்க்கரிடம் கேட்காமல் அதனிடமே கேட்பது. மார்க்கர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கிறது என்று தெரிந்த பின், கேட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற ஒரே கேள்விதான் அதற்கு மிச்சம்.

அந்தக் கேள்விக்கும் ஒரே மார்க்கர் நல்ல விடை தருவதில்லை. கொத்தனார் ஒரு முளையில் நூல் பிடிப்பதில்லை; இரண்டு முளை அடித்துத்தான் பிடிக்கிறார். 30 செ.மீ. பலகையின் இரு ஓரங்களைக் கொண்டு 12 அடிக்குத் திசை சொல்வதைவிட, இரண்டு தூண்களிலும் ஒவ்வொரு பலகையை நிறுத்தி, நடுத்தூரத்தை டேப் பிடித்து அளந்து செயலியில் கொடுத்தால், திசை சட்டென்று நிலைபெறுகிறது. கடந்த இரண்டரை ஆண்டுகளாக இரண்டு பலகைகள்தான். மறுமுனை மிதக்கிறது என்று பிறகு யாரும் சொல்லவில்லை.

தொடக்கத்தில் கேட் தலைகீழாகத் தரைக்குள் முளைத்ததைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓப்பன்சிவியில் செங்குத்து அச்சு கீழ்நோக்கியும் ஆழம் முன்னோக்கியும் செல்லும். படம் வரையும் ஓப்பன்ஜிஎல்லில் இரண்டும் எதிர்த்திசை. 180 பாகை திருப்பினால் தீர்ந்தது.

மார்க்கரே இல்லாமல் தரையைத் தானே கண்டறியும் முறையையும் கூகுளின் ஏ.ஆர்.கோர் நிரல் தொகுப்பு வழியாக ஒரு பருவம் முழுக்கப் பார்த்தேன். சும்மா காட்டுவதற்கு அது நன்றாகவே இருக்கிறது. முன்பே கொடுத்துவைத்த அச்சுப் படங்களைக் கண்டறியும் வசதியும் அதில் உண்டு. ஆனால் முதன்முதலில் கண்டறிய, படம் கேமராச் சட்டத்தில் கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். 3 மீட்டரில் என் கேமராவுக்குள் ஏறக்குறைய 3.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் அடங்குவதால், அவ்வளவு பெரிய படத்துக்குத் தூண் போதாது. பலகையருகே போய்க் காட்டிவிட்டுப் பின்வாங்கி நடக்க வேண்டும். நடக்க நடக்கக் கேட் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். நாற்காலி காட்டுபவருக்கு அது பொருட்டன்று. இரண்டு தூணுக்கு நடுவே அடங்க வேண்டிய கேட்டுக்கு அது பொருட்டு.

திரையில் கேட் நடுங்குவது இன்னொரு குறை. பல படங்களின் சராசரியை எடுத்தால் நடுக்கம் அடங்கும், ஆனால் அலைபேசியைத் திருப்பும்போது கேட் இழுபட்டுக்கொண்டு பின்னால் வரும். அசையாதபோது அதிகமாகவும் அசையும்போது குறைவாகவும் சமன்செய்யும் ஒன் யூரோ வடிகட்டி, 2012இல் வெளியானது, இரண்டுக்கும் நடுவே தாங்கக்கூடிய இடத்தைத் தருகிறது. ஆனால் எங்கள் ஊர்க் காற்றுக்கு அதுவும் போதாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவிலுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வரும் மேல்காற்று பலகையைப் படபடக்க வைக்கும். இப்போது இறுக்குக் கவ்வி போட்டுத்தான் நிறுத்துகிறோம். தென்னையோலை நிழல் வேறு. வெளிச்சம் மெல்லக் கூடிக் குறைந்தால் அருக்கோ சமாளித்துவிடுகிறது; கருப்புக் கரையைக் குறுக்கே வெட்டும் கூர்மையான நிழற்கோடுகள் விழுந்தால் சதுரம் சதுரமாகவே தெரிவதில்லை. தோப்பு வீடுகளுக்குக் காலை ஏழு மணிக்கே போய்விடுவது நல்லது.

வெட்டுக்கான அளவை ஏ.ஆரிலிருந்து நாங்கள் ஒருநாளும் எடுப்பதில்லை. உயரம், வளைவு, கம்பிகளின் இடைவெளி ஆகியவற்றில் வீட்டாரின் சம்மதத்தைப் பெறுவது வரைக்கும்தான் அதன் வேலை, அதற்குமேல் டேப்தான். காட்டுவதற்கு முன் மேஸ்திரி தூரத்துத் தூணில், டேப் பிடித்த உயரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழிப்பார். கேட்டின் மேல்மூலை அந்தக் கோட்டிலிருந்து நான்கு நூலுக்கு மேல் விலகியிருந்தால் அலைபேசியை வீட்டாரிடம் கொடுக்காமல் பலகைகளை மறுபடியும் நிறுத்துகிறோம். சென்ற ஆண்டு வாங்கிய புதிய அலைபேசியில் லென்ஸே உள்ளுக்குள் நகர்ந்து கை ஆட்டத்தைச் சமன்செய்கிறது. அதை நிறுத்த வழி கிடைக்கவில்லை, கேலிப்ரேஷன் ஒவ்வொரு முறையும் வேறொரு மையத்தைத் தருகிறது. அதனால் திரையில் கீறல் விழுந்த பழைய அலைபேசியே இன்னும் டேப்போடும் ரசமட்டத்தோடும் வேலைப் பையில் கிடக்கிறது. பேட்டரி மட்டும் இரண்டு முறை மாற்றியாயிற்று.