ஒரே பாடநூல், இரண்டு கட்டணம்: பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆங்கில வகுப்பு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இயங்கும் தனியார் மொழி மையத்தில் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகப் பத்து வாரம் படித்தேன். மையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இதன் உடன்பிறப்புகள் பல இருப்பதால், சேர நினைப்பவர்களுக்குப் பெயரைவிட அனுபவம்தான் உதவும்.

வார நாள் இரவு வகுப்புக்கு 690 ரிங்கிட், சனிக்கிழமை வகுப்புக்கு 1,150 ரிங்கிட். பாடநூல் ஒன்றுதான், வகுப்பின் மணிக்கணக்கும் மாதிரித் தேர்வுகளும் ஒன்றேதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்று முகப்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். சனிக்கிழமை எடுப்பவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’, வார நாளில் எடுப்பவர் ‘லோக்கல்’ என்று, மீனுக்கு விலை சொல்வதுபோல் இயல்பாகச் சொன்னார். நானும் ஆசைப்பட்டுச் சனிக்கிழமையில்தான் சேர்ந்தேன்; வேலை நேரம் மாறியதால் ஐந்தாவது வாரத்துக்குப் பின் இரவு வகுப்புக்கு மாறினேன்.

சனிக்கிழமை ஆசிரியர் இங்கிலாந்து இளைஞர். நேரந்தவறாதவர், நல்லவர். ஆனால் ஓரிடத்தில் ‘தி’ (the) ஏன் வருகிறது, இன்னோரிடத்தில் ஏன் வரவில்லை என்று கேட்டால், அதுதான் காதுக்குச் சரியாகப்படுகிறது என்பார். அவர் காதுக்குச் சரி. எங்களுக்கு அந்தக் காது இல்லை. இரவு வகுப்பை எடுத்தவரோ இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. தமிழிலும் மலாயிலும் ‘தி’ போன்ற சொல்லே கிடையாது என்பதிலிருந்து தொடங்கினார். நேற்று நடந்ததைச் சொல்லும்போதும் நாங்கள் ‘ஐ கோ’ என்று எழுதுவது தமிழால் வந்த பிழையன்று, வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாத மலாய்ப் பழக்கத்தால் வந்தது என்றும், ‘போனேன்’ என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு எழுதினால் தப்பு வராது என்றும் காட்டினார். பதினோராண்டு பள்ளியில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

ஒரு கட்டுரையில், அப்பா வேலை நிமித்தம் ‘அவுட்ஸ்டேஷன்’ போயிருந்தார் என்று எழுதியிருந்தேன். இளைஞர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, இப்படி ஒரு சொல் வழக்கில் இல்லை என்றிருந்தார். அதே தாளை ஆசிரியையிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார். “தப்பில்ல தம்பி. தலைமையிடத்துக்கு வெளியில இருந்த பணியிடத்த வெள்ளக்காரன்தான் அப்படிச் சொன்னான். நம்மகிட்ட விட்டுட்டுப் போயிட்டு இப்ப அவனே மறந்துட்டான். ஆனா தேர்வுத்தாள் எங்க போய்ச் சேரும்னு தெரியாதில்ல, ‘அவுட் ஆஃப் டவுன்’னு எழுதிடு” என்றார். சொல்லின் பிறப்பு, நம் ஊர் வழக்கு, தேர்வின் தேவை மூன்றையும் ஒரே மூச்சில் பிரித்துக் காட்டிய அந்த நிமிடத்துக்கே 690 ரிங்கிட் தகும்.

மையம் விளம்பரப்படுத்துவது என்னவோ உச்சரிப்பைத்தான். படிக்கட்டுச் சுவரில் லண்டன் மணிக்கூண்டுப் படத்தோடு, பிரிட்டிஷ்காரர்போல் பேசலாம் என்ற வாசகம் ஒட்டியிருக்கிறது. தேர்வு கேட்பது அதை அல்ல. 11 முதல் 14 நிமிடம் நடக்கும் பேச்சுத் தேர்வில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்குக்கும் சமமான மதிப்பெண். உச்சரிப்பிலும் பேசுவது தெளிவாகப் புரிகிறதா என்பதே அளவு, யாருடைய சாயலில் பேசுகிறோம் என்பதன்று. நம் கல்வி அமைச்சு ஆங்கிலப் பாடத்திட்டத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்ட ஐரோப்பிய மன்றத்தின் மொழித்திறன் சட்டகமான சி.இ.எஃப்.ஆர். கூட, 2001இல் வந்த தன் விவரிப்புகளில் இருந்த ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ என்ற ஒப்பீட்டை 2020இல் இறுதியான துணைத்தொகுதியில் நீக்கிவிட்டது. அளவுகோலைச் செய்தவர்களே கைவிட்டதை இங்கே 460 ரிங்கிட் கூட்டி விற்கிறார்கள். வாங்க நாமும் வரிசையில் நிற்கிறோம், நான் உட்பட.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதை என் பள்ளி நாள்களிலேயே பார்க்கிறேன். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோது, தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 1இல் இருந்த முதல் அணி நாங்கள். ஆசிரியைக்கு மடிக்கணினி வந்தது, குறுவட்டு வந்தது. ஆங்கிலக் குரல் ஓடி முடிந்ததும் அவர் எல்லாவற்றையும் தமிழில் மறுபடி சொல்லுவார். நான் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1இல் இருந்த 2009இல் அத்திட்டம் கைவிடப்படுவதாக அறிவிப்பு வந்தது. 2012 முதல் படிப்படியாக மாறியது. எந்த மொழி என்று ஊரே சண்டை போட்டது எனக்கு நினைவிருக்கிறது. அந்த மொழியை எப்படிக் கற்பிப்பது என்று யாரும் சண்டை போட்டதாக நினைவில்லை.

மற்றபடி: குளிர்சாதனம் அளவுக்கு மீறியது, மேலங்கி அவசியம். கேட்டல் பயிற்சிகள் முழுக்க இங்கிலாந்து ரயில் நிலையங்களில் நடக்கின்றன; கே.எல். சென்ட்ரலை எட்டு நிமிட நடையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்பது வேடிக்கை. எழுத்துத் திருத்தம் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். காரில் வருபவர்களுக்கு நிறுத்த இடம் கிடைப்பது அதிர்ஷ்டம், மோனோரயிலே நல்லது.

சேருபவர்கள் இரவு வகுப்பில் சேரலாம். சனிக்கிழமையைப் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த சுற்றுக்கும் ஆசிரியையிடமே பணம் கட்டிவிட்டேன். ரசீதின் மூலையில், விலை குறைந்ததற்குக் காரணமாக, ‘லோக்கல்’ என்று ரப்பர் முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.