எங்கள் தெருப் பக்கத்து ஆர்கானிக் கடை: பருப்பை நம்பி வாங்கலாம், பிஸ்கட்டைத் திருப்பிப் படியுங்கள்

திருச்சியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஆர்கானிக் கடை திறந்து ஆறு மாதம் ஆகிறது. முதல் மூன்று மாதம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன். அப்புறம் மாமியாருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும்தான் ஒவ்வொரு பாக்கெட்டாகப் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். கடையின் பெயர் வேண்டாம். இதே மாதிரிக் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது, இதே பாக்கெட்டுகள்தான் அங்கேயும் அடுக்கியிருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். துவரம் பருப்பு, உளுந்து, கடுகு, மஞ்சள்தூள் நான்கும் இங்கே தாராளமாக வாங்கலாம். பாக்கெட்டில் ஜைவிக் பாரத் குறி இருக்கிறது (வட்டத்துக்குள் பச்சை இலை, கூடவே டிக் அடித்த மாதிரி ஒரு கோடு), சான்று கொடுத்த அமைப்பின் பெயரும் எண்ணும் இருக்கிறது. ஆர்கானிக் உணவுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் தனி விதிமுறை கொண்டுவந்த பிறகு நாம் தேட வேண்டியது இந்தக் குறியைத்தான். விலை மளிகைக் கடையைவிடக் கூடுதல்தான், ஆனாலும் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கிறோம். பலர் பாக்கெட்டில் இதே ஆணையத்தின் பெயரோடு தனியாக இருக்கும் 14 இலக்க உரிம எண்ணைப் பார்த்துவிட்டு 'அரசாங்கமே சான்று கொடுத்திருக்கு' என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது உணவுத் தொழில் செய்ய வாங்கும் உரிமம், சாதாரண சிப்ஸ் பாக்கெட்டிலும் இருக்கும், பொருள் ஆர்கானிக்கா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அரிசிதான் எனக்கு ரொம்ப யோசனை கொடுத்தது. மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் சாக்கில் கொட்டி வைத்து, மேலே அட்டையில் '100% ஆர்கானிக்' என்று எழுதியிருந்தார்கள். "சான்று எதுவும் இருக்கா தம்பி?" என்று கேட்டேன். கடைக்காரர் மழுப்பவே இல்லை. "இல்லக்கா, முசிறிப் பக்கம் ஒரு விவசாயிகிட்ட நேரா எடுக்கிறேன், நம்பர் தரேன், நீங்களே பேசிப் பாருங்க" என்றார். பேசினேன். அந்தப் பெரியவர் ரசாயன உரத்தை நிறுத்தி இது இரண்டாம் வருடம் என்று அவராகவே சொன்னார். சான்று முறைப்படி நெல் மாதிரிப் பருவப் பயிருக்கு விதைப்பதற்கு முன்னால் குறைந்தது இரண்டு வருடம், தென்னை, மா மாதிரி மரங்களுக்கு மூன்று வருடம் நிலம் ரசாயனத்திலிருந்து ஆர்கானிக்குக்கு மாறுவதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அவருடைய நிலம் இன்னும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது, அட்டையில் எழுதியிருப்பது உண்மை இல்லை. அதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் தனி ஆளாகச் சான்று வாங்குவது சிறு விவசாயிக்குப் பெரிய செலவு. அதற்காகத்தான் பிஜிஎஸ் என்று ஒரு முறை இருக்கிறது. பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சொல்வது. அதில் மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்கு பிஜிஎஸ் கிரீன், முழுதாக மாறியதற்கு பிஜிஎஸ் ஆர்கானிக் என்று இரண்டு தனிக் குறிகள். இதைக் கடைக்காரரிடம் சொல்லி, அட்டையை மாற்றி எழுதச் சொன்னேன். அடுத்த வாரம் போனபோது 'ரசாயன உரம் போடாமல் 2ஆம் வருடம்' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு காரியத்துக்காகவே இந்தக் கடைக்குத் தொடர்ந்து போகிறேன்.

மரச்செக்குக் கடலை எண்ணெய் வாசனை நன்றாக இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிதாகப் போட்டிருப்பதற்காக யாரும் பத்து ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம், எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருக்காது. மரச்செக்கு என்பது ஆட்டும் முறை, அவ்வளவுதான், கடலை எப்படி விளைந்தது என்பதை அது சொல்லாது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டேகால், இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு போகும், அன்றைய பருப்பு விலையோடு கணக்குப் போட்டுப் பாருங்கள், எண்ணெய் அதைவிட மலிவாக வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது பிஸ்கட் அலமாரியில்தான். முன்பக்கம் கேழ்வரகுக் கதிர் படம், 'இயற்கை' என்று தொடங்கும் பெயர். திருப்பினால் முதல் பொருள் மைதா, இரண்டாவது சர்க்கரை, கேழ்வரகு மாவு 14%. சேர்மானப் பட்டியலில் எடை அதிகம் உள்ளதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி, அதனால் முதல் மூன்று பெயரைப் படித்தாலே பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்னும் கீழே பொடி எழுத்தில், இது வணிகப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. 'நேச்சுரல்', 'பியூர்', 'டிரெடிஷனல்' மாதிரிச் சொற்களைப் பெயரில் வைத்துப் பொருள் அதற்குப் பொருந்தாமல் போனால் இந்த வரியைக் குறைந்தது 3 மில்லிமீட்டர் எழுத்தில் போட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிமுறை சொல்கிறது. 3 மில்லிமீட்டர்! என் மாமியாரால் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. சர்க்கரை நோயாளி வீட்டுக்கு நல்லது என்று நினைத்து அந்த பிஸ்கட்டை இரண்டு மாதம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

'சுகர் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 'சர்க்கரை சேர்க்காதது' என்பது வேறு, பேரீச்சம்பழ லட்டுவில் பழத்தின் சர்க்கரை அப்படியே இருக்கும். கடையில் இரண்டையும் ஒரே தட்டில் 'டயபடிக்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதையும் சொல்லிவிட்டு வந்தேன், இன்னும் மாற்றவில்லை.

வெல்லத்தில் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தை எடுக்காதீர்கள், கறுத்த பழுப்பு நிறம் பக்கத்திலேயே இருக்கிறது, பார்க்கச் சுமார்தான், பாயசத்துக்கு அருமை. கருப்பட்டி மட்டும் இங்கே வாங்குவதில்லை. யார் காய்ச்சியது, எந்த ஊர் என்று பாக்கெட்டில் ஒரு வரிகூட இல்லை, கேட்டால் கடைக்காரருக்கும் தெரியவில்லை.