பப்ளிக் ஹெல்த் டிகிரி: வகுப்புக்கு இரண்டு ஸ்டார், வார்டுக்கு ஐந்து

நீட் மார்க் போதவில்லை என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு படிப்பு சொல்வார்கள். நர்சிங், பிசியோ, லேப் டெக்னீஷியன் என்று போய், கடைசியில் யாராவது ஒருவர் பேப்பரில் பார்த்ததாக பி.எஸ்சி. பப்ளிக் ஹெல்த் என்பார். விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அந்தப் படிப்பை, நகர்ப்புற சுகாதாரத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்து, சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் முடித்தவன் நான். பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகும் குறைகள் பல இடங்களுக்கும் பொருந்தும். முதலில் அந்த ஸ்டெதஸ்கோப் விஷயம்: மூன்று வருடமும் அதற்கு ஒரு வேலையும் இல்லை. தேவைப்பட்டதெல்லாம் டார்ச், கால்குலேட்டர், தேயாத செருப்பு.

"கொசு மருந்து அடிக்கிற படிப்பா?" என்று வீட்டில் கேட்பார்கள். பாதி சரிதான், அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்தவருக்கு மருந்து கொடுப்பது டாக்டர். ஒரே தெருவில் ஒரே வாரத்தில் பத்துப் பேர் படுத்துவிட்டால் ஏன் இந்தத் தெரு, ஏன் இந்த வாரம், பக்கத்துத் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று துருவுவது நாம். இப்படித் துருவும் எபிடெமியாலஜியும் (நோய்ப்பரவல் இயல்), புள்ளியியலும்தான் படிப்பின் முதுகெலும்பு. சுற்றுச்சூழல் சுகாதாரம், சத்துணவு, மக்கள்தொகை, சுகாதார நிர்வாகம் எல்லாம் அப்புறம்தான்.

முதல் வருடம் சுத்த போர். அனாடமி, பிசியாலஜி என்று நர்சிங் புத்தகத்தைச் சுருக்கி, இன்னும் சுருக்கி, ஸ்லைடாகப் போட்டு வாசித்தார்கள். அதைச் சகித்துக்கொள்ளலாம். எனக்கு ஆறாத கோபம் வேறு. 1854-இல் லண்டனில் காலரா வந்ததும், ஜான் ஸ்நோ வீடு வீடாகப் போய் யார் எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டு, பிராட் தெரு பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்ததும் நல்ல கதைதான், படிக்க வேண்டிய கதைதான். ஆனால் அதையே ஒவ்வொரு பேப்பரிலும் புதுசு போலச் சொன்னவர்கள், 1992-இல் ஓ139 என்ற புதுவகைக் காலராக் கிருமி முதலில் தலைகாட்டியது இதே சென்னையில் என்று ஒரு வரி சொல்லவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில். டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா தன் முதுகலை ஆய்வுக்காகச் சேகரித்தவை அவை. ஒரு மாணவியின் தீசிஸ் ஒரு நாட்டையே உலுக்கியது என்பதைவிட, மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் சொல்வதற்கு வேறென்ன வேண்டும்? நாட்டிலேயே முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-இல் சென்னை மாகாணத்தில் வந்தது, இன்றும் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் 1899-லிருந்து நிற்கிறது. பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனோம், வகுப்பில் அதன் பெயர் வரவேயில்லை. இந்த ஊரில் இந்தப் படிப்பைப் படிப்பதே ஒரு வரம், அதைக் கல்லூரிக்கு யாராவது சொல்ல வேண்டும்.

சரி, நல்லதுக்கு வருவோம். இரண்டாம் வருடம் ஃபீல்டு போஸ்டிங் என்று மாநகராட்சி வார்டுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் படிப்பே ஆரம்பித்தது.

காலையில் மலேரியா ஒர்க்கர் அக்காவோடு தெருத்தெருவாகப் போக வேண்டும். "தண்ணி எட்டிப் பாக்குறவங்க வந்துட்டாங்க" என்று ஒரு வீட்டில் குரல் கேட்டதும் நாலு வீடு தள்ளி ஒரு கதவு சாத்திக்கொள்ளும். அக்கா அசரமாட்டார். நேராகச் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டில் டார்ச் அடிப்பார். அந்த வீட்டுக்காரர்களுக்கே அப்படி ஒரு தட்டு இருப்பது பெரும்பாலும் தெரியாது. வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்துகொண்டு அடிக்குப் போகும். தண்ணீர்ப் பரப்பிலிருந்து தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ், பரப்போடு ஒட்டிக் கிடைமட்டமாகக் கிடந்தால் மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ். மூன்று ஸ்லைடு போட்டு விளக்கியும் மண்டையில் ஏறாதது அந்தத் தட்டைப் பார்த்த ஒரே நொடியில் ஏறியது. மலேரியா என்றால் சாக்கடை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு: நகரத்தில் மலேரியா பரப்பும் ஸ்டீபன்சி என்ற அனோஃபிலிஸ் வகைக் கொசு வளர்வது கிணற்றிலும் மொட்டைமாடியில் மூடி உடைந்த சின்டெக்ஸ் டேங்கிலும். நல்ல தண்ணீர் கேட்கும் கொசு.

"கவுத்து வெச்சா மட்டும் பத்தாது கண்ணு, நாரு போட்டுத் தேய்க்கச் சொல்லு" என்பார் அக்கா. ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் உட்புறம் ஒட்டிக்கொண்டு, தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள், அதனால்தான் வாராவாரம் அதே வீட்டுக்குப் போகிறார்கள். இதெல்லாம் முடிந்து மரத்தடியில் உட்கார்ந்து கணக்கு. நூறு வீடு பார்த்து எட்டு வீட்டில் புழு இருந்தால் ஹவுஸ் இண்டெக்ஸ் 8. அந்த எட்டு வீட்டில் பதினைந்து பாத்திரத்தில் புழு இருந்தால் பிரெட்டோ இண்டெக்ஸ் 15. வீட்டுக் கணக்கு ஒரே எட்டாக இருக்கும்போது பாத்திரக் கணக்கு ஏறினால் என்ன அர்த்தம் என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை, மரத்தடியில் அக்கா கேட்டார். ஒரு சில வீடுதான் மொத்தத் தெருவுக்கும் கொசு சப்ளை.

தண்ணீர் பரிசோதனையும் அப்படித்தான். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து ஓ.டி. (ஆர்த்தோடோலிடின்) கரைசல் இரண்டு சொட்டு விட்டால் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். குழாயின் கடைசி முனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்பது விதி. தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் பளிச்சென்று மஞ்சள் வந்தது, தெருக் கடைசியில் நிறமே வரவில்லை. நடுவில் என்ன ஆனது? தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. வராத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சினால் விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்தே உள்ளே வரும், உள்ளே வந்ததோடு மல்லுக்கட்டி இருக்கிற குளோரினும் தீர்ந்துபோகும். அந்தக் குழாயோடு இணைத்த அடிபம்பில் வரும் முதல் குடத்தைக் கீழே ஊற்றிவிடும் ஆயாக்களைப் பழமைவாதம் என்று நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏன் நகர்ப்புறம் என்று தனியாக ஒரு பிரிவு, சுகாதாரம் எங்கேயும் சுகாதாரம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கிராமத்தில் வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்காவுக்கு எந்த வீட்டில் யார் எத்தனையாவது மாதம் என்பது அத்துப்படி. ஊர் எல்லை தெரியும், தலைக்கணக்கு தெரியும். இங்கே வாடகை வீடு, பதினோரு மாத அக்ரிமெண்ட், கட்டிட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வெளிமாநிலக் குடும்பம், கூவக் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டு, வேலைக்கு இன்னமும் பழைய இடத்துக்கே பஸ் ஏறும் பெண்கள். விதிப்படி ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். எந்த ஐம்பதாயிரம்? பதிவேட்டில் தொண்ணூற்றைந்து சதவீதம் தடுப்பூசி போட்டாகிவிட்டது என்று இருந்தால், சதவீதம் போட வகுத்த மொத்த எண்ணிக்கையில் அந்தத் தகரக் கொட்டகை சேர்ந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டதற்கே நான் கட்டிய ஃபீஸில் பாதி சரியாகிவிட்டது என்பேன்.

மீதிப் பாதிக்கு ஒரு தேங்காய்ச் சட்னிக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு நாள் ஹாஸ்டலில் காலை டிபன் முடிந்து மதியத்துக்குள் வரிசையாக வாந்தி. பெரிதாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் புள்ளியியல் மேடம் மட்டும் விடவில்லை, அன்றைக்கே எங்களை அறை அறையாக அனுப்பி லைன் லிஸ்ட் எடுக்க வைத்தார். பெயர், என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு, எப்போது வாந்தி. நோய் வராதவர்களையும் கேட்கச் சொன்னார், அதுதான் முக்கியம். இட்லி எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள், அதனால் இட்லியைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, விடுவிக்கவும் முடியவில்லை. சாம்பாரில் வித்தியாசம் இல்லை. சட்னி தொட்டவர்களில் பாதிக்கு மேல் பாதிப்பு, தொடாதவர்களில் ஓரிருவர்தான். இரண்டுக்கு இரண்டு கட்டம் போட்டு, சாப்பிட்டவர்களில் எத்தனை சதவீதம் பாதிப்பு என்ற அட்டாக் ரேட்டை, சாப்பிடாதவர்களின் அட்டாக் ரேட்டால் வகுத்தபோது கிடைத்த ரிலேட்டிவ் ரிஸ்க் என்பது பரீட்சைக் கேள்வியாக இல்லாமல் போனது. சில மணி நேரத்தில், காய்ச்சல் இல்லாமல், வாந்தியாகவே வந்தது என்றால் ஸ்டஃபிலோகாக்கஸ் நச்சாக இருக்கலாம் என்பது வரை போனோம். உறுதி செய்ய மாதிரி வேண்டுமே, மீதிச் சட்னியைக் கழுவிக் கொட்டிவிட்டிருந்தார்கள். நிர்வாகத்துக்கு எங்கள் அட்டவணை ரசிக்கவில்லை, "உங்க ப்ராஜெக்டுக்கு வேற டாபிக் கிடைக்கலையா" என்று கேட்டார்கள். இதைவிட நல்ல டாபிக் எங்கே கிடைக்கும்?

கம்ப்யூட்டர் லேபைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளின் ஸ்க்ரீன்ஷாட்டை அச்சடித்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். நோய்ப்பரவல் கணக்குக்கான எபி இன்ஃபோ அமெரிக்காவின் நோய்த்தடுப்பு அமைப்பான சி.டி.சி. உருவாக்கி இலவசமாகத் தந்தது, வரைபடம் போடும் க்யூ.ஜி.ஐ.எஸ். இலவசம், போனிலேயே சர்வே எடுக்க கோபோ டூல்பாக்ஸ் இருக்கிறது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், கல்லூரிக்காகக் காத்திருந்தால் பட்டமளிப்பு விழா வந்துவிடும்.

இப்போது வேலை. விளம்பரங்கள் மழுப்பும் இடம் இதுதான். மாநில அரசின் ஹெல்த் இன்ஸ்பெக்டர் கிரேடு 2 பணிக்குக் கேட்பது இந்த டிகிரி அல்ல. பயாலஜியோடு ப்ளஸ் டூ, அதோடு அங்கீகாரம் பெற்ற ஹெல்த் இன்ஸ்பெக்டர் அல்லது சானிட்டரி இன்ஸ்பெக்டர் பயிற்சிச் சான்றிதழ். காந்திகிராமம் போன்ற இடங்களில் படிப்பது அது. அரசு ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஆவதுதான் லட்சியம் என்றால் நேராக அந்தப் பயிற்சிக்குப் போங்கள், காலமும் பணமும் மிச்சம். மேலே, பொதுச் சுகாதாரத் துறையில் அதிகாரி நாற்காலிகள் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு. ஆக நம் டிகிரிக்குப் பெயர் சொல்லி அழைக்கும் அரசு வாசல் இங்கே எனக்குத் தெரிந்து இல்லை. என்னோடு படித்தவர்கள் ஆராய்ச்சித் திட்டங்களில் ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டராக, தொண்டு நிறுவனங்களில் காசநோய்த் திட்டங்களில், மருத்துவமனைகளின் குவாலிட்டி பிரிவில், இன்சூரன்ஸ் கிளெய்ம் அலுவலகங்களில் இருக்கிறார்கள். சிலர் மெடிக்கல் கோடிங். பெரும்பாலும் ஒப்பந்த வேலை, திட்டத்துக்கு நிதி நின்றால் வேலையும் நிற்கும். முதல் சம்பளத்தைக் கேட்டதும் என் அப்பா எதுவும் சொல்லவில்லை, டிவி சத்தத்தைக் கூட்டினார். எம்.பி.எச். என்ற பப்ளிக் ஹெல்த் முதுகலை முடித்தவர்களுக்கு நிலைமை மேல், அதனால் இதை மூன்று வருடப் படிப்பு என்று நினைக்காமல் ஐந்து வருடமாகக் கணக்குப் போடுங்கள். எம்.பி.எச்.சில் பல் டாக்டரும் ஆயுர்வேத டாக்டரும் பக்கத்து பெஞ்சில் இருப்பார்கள். அங்கே லைன் லிஸ்ட் போடத் தெரிந்த கைக்கு மதிப்பு உண்டு.

சேர்வதற்கு முன் கல்லூரியில் பிளேஸ்மெண்ட் பற்றிக் கேட்காதீர்கள், அதற்கு ஒரு பிரிண்ட் அவுட் தயாராக வைத்திருப்பார்கள். மாநகராட்சியோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா, எந்த மண்டலம், எத்தனை வாரம் வார்டில் இருப்போம் என்று கேளுங்கள். "இண்டஸ்ட்ரியல் விசிட் உண்டு" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம், அது பஸ்ஸில் போய் போட்டோ எடுத்துவிட்டு வருவது. புள்ளியியல் எடுப்பவர் நிரந்தர ஆசிரியரா, வாரம் ஒரு நாள் வந்து போகிறவரா என்பதை சீனியர்களிடம் கேளுங்கள், வரவேற்பறையில் கேட்டால் தெரியாது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் தெருத்தெருவாக அலைவதைப் பற்றிக் கவலைப்படுவார்கள். எங்கள் செட்டில் பெண்களுக்குத்தான் கதவு சுலபமாகத் திறந்தது, பையன்களை நிற்க வைத்தே விசாரித்தார்கள். மே மாத வெயில்தான் எல்லோருக்கும் பொது எதிரி.

கணக்கு என்றாலே ஓடுகிறவர்களுக்கு இது சரிவராது. ரத்தம் பார்த்தால் மயக்கம் வருகிறவர்களுக்குத் தாராளமாகச் சரிவரும். ஃபீஸ் வருடத்துக்கு ஐம்பதாயிரத்துக்குள் இருந்து வார்டு ஒப்பந்தமும் இருந்தால் யோசிக்காமல் சேருங்கள். லட்சத்தைத் தாண்டினால் அந்தக் காசை எம்.பி.எச்.சுக்கு எடுத்து வைத்துவிட்டு, பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியலோ விலங்கியலோ படியுங்கள். எம்.பி.எச்.சில் சேர்க்க எந்த டிகிரியை ஏற்கிறார்கள் என்பதை மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள், இடத்துக்கு இடம் மாறும்.