"ரிங்" என்று பில் போட்டு ஒரு ஒயரைக் கழற்றி வைப்பவர்கள்: வடசென்னை யார்டுக்காரர்கள் கவனிக்க

மணலி, மாதவரம், பொன்னேரி நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் யார்டோ கிடங்கோ வைத்து, நெட்வொர்க் வேலைக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு இது. செய்தவர்களின் பெயரைப் போடவில்லை. இதே வேலையைப் பலரும் செய்கிறார்கள், தந்திரம் தெரிந்தால் போதும்.

ஒரு யார்டில் நடந்தது. கொட்டேஷனில் இருந்தது: கேட், ஷெட், ஆபீஸ் மூன்றிலும் மேனேஜ்டு சுவிட்ச் (லாகின் ஆகி செட்டிங் மாற்றக்கூடியது), மூன்றையும் வளையமாக இணைக்கும் ஃபைபர், ஒன்று அறுந்தாலும் மறுபக்கம் வழியாக ஓடும். வந்து சேர்ந்தது: ஆபீஸில் மட்டும் மேனேஜ்டு, மற்ற இரண்டும் சாதா சுவிட்ச். அந்த ஒன்றிலும் ஸ்பானிங் ட்ரீயை (வளையத்தில் தகவல் முடிவில்லாமல் சுற்றாமல் தடுக்கும் வசதியை) அணைத்து வைத்திருந்தார்கள். வளையத்தை முழுதாக மூடினால் எல்லாம் படுத்துவிடும் என்று தெரிந்துதான், கேட் ரேக்கில் ஒரு பேட்ச் கார்டை (குட்டி இணைப்பு ஒயரை) உருவிச் சுருட்டிப் பின்னால் மறைத்திருந்தார்கள்.

நான்கு மாதம் கழித்து, கேமரா மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் தொங்கிய கார்டைப் பார்த்துச் செருகினார். சில நொடியில் எடைமேடை பில்லிங், கேமரா, கேட் பாஸ் எல்லாம் நின்று, டிரெய்லர்கள் ரோடு வரைக்கும் வரிசை. போட்டுக்கொடுத்தவர்கள் வந்து கார்டை உருவினார்கள், எல்லாவற்றையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார்கள், "வைரஸ் சார்" என்று சொல்லி விசிட் சார்ஜும் வாங்கிப் போனார்கள். காதில் முழம் பூ.

அது வைரஸ் இல்லை, லூப், அதாவது தகவல் முடிவில்லாமல் சுற்றுவது. ஐபி பாக்கெட்டில் ஒவ்வொரு ரவுட்டரிலும் குறையும் ஆயுள் எண் உண்டு. சுவிட்சுகளுக்குள் அதைச் சுமந்து போகும் ஈதர்நெட் பிரேமில் அப்படி எதுவும் கிடையாது. ஏதோ ஒரு கம்ப்யூட்டர் "இந்த ஐபி யாருடையது" என்று அனுப்பும் ஒரே ஒரு ஏஆர்பி பிராட்காஸ்ட், வளையத்தில் இரண்டு திசையிலும் சாகாமல் சுற்றும், அடுத்தடுத்தவை சேர்ந்து லைனை நிரப்பும். ஒரே மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) மாறி மாறி வேறு போர்ட்டில் தெரிவதால் சுவிட்சுக்கும் குழப்பம். எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறித்தனமாக மின்னினால் முதல் சந்தேகம் லூப் மேல்தான்.

இதற்கு மருந்துதான் அந்த ஸ்பானிங் ட்ரீ, சுருக்கமாக எஸ்டிபி. நெட்வொர்க் இன்ஜினியர் ரேடியா பெர்ல்மேன் 1985லேயே கொடுத்துவிட்டார். சுவிட்சுகள் 2 நொடிக்கு ஒரு பிபிடியூ (சுவிட்சுகள் தங்களுக்குள் பேசும் தகவல்) அனுப்பி, பிரிட்ஜ் எண் (முன்னுரிமை எண்ணும் மேக் முகவரியும் சேர்ந்தது) குறைந்த ஒன்றை ரூட்டாக, அதாவது தலைமையாக ஏற்று, அதற்குப் போக மிகுதியாக இருக்கும் பாதையை அடைத்து வைக்கும். ஒயர் செருகியே இருக்கும், போர்ட் மட்டும் பேசாது. பாதை அறுந்தால் திறந்துகொள்ளும். பழைய எஸ்டிபியில் இதற்கு 30 முதல் 50 நொடி, 2001ல் வந்த அதன் வேகமான வடிவமான ஆர்எஸ்டிபியில் பெரும்பாலும் ஒன்றிரண்டு நொடிக்குள்.

பிறகு ஏன் அணைக்கிறார்கள்? சோம்பேறித்தனம். பழைய எஸ்டிபியில் கம்ப்யூட்டரைச் செருகியதும் போர்ட் 15 + 15 நொடி காத்திருக்கும். அதற்குள் டிஹெச்சிபி (தானாக ஐபி வாங்கும் முறை) கைவிட்டு, 169.254 என்று தொடங்கும் ஐபி வரும், "நெட் வரலை" என்று போன் வரும். அந்த போர்ட்டை மட்டும் எட்ஜ் போர்ட் (காத்திருக்காமல் உடனே திறப்பது) ஆக்கி, பிபிடியூ கார்டு (BPDU Guard: அங்கே பிபிடியூ வந்தால் போர்ட்டை மூடும் காவல், ஒயர் இல்லை) போட வேண்டியதுதான். இவர்கள் மொத்தத்தையும் அணைத்துவிட்டுப் போகிறார்கள்.

பாக்கிப் பணம் கொடுக்கும் முன் யார்டு ஓய்ந்த நேரத்தில் அவர்களை நிற்கவைத்துப் பாருங்கள். மூன்று சுவிட்சிலும் லாகின் ஆக வேண்டும். லாகின் பக்கமே இல்லையென்றால் அது சாதா சுவிட்ச், அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். மூன்றிலும் ஒரே ரூட் தெரிய வேண்டும், அது ஆபீஸ் சுவிட்சாக இருக்க வேண்டும். எல்லாம் 32768 என்ற பிறவி முன்னுரிமையில் கிடந்தால் மேக் முகவரி குறைந்தது ரூட் ஆகிவிடும், கேட்டில் வெயிலில் வேகும் டப்பாவாகக்கூட இருக்கலாம். ஆபீஸுக்கு 4096, ஷெட்டுக்கு 8192 போடச் சொல்லுங்கள். வளையத்தில் சரியாக ஒரு போர்ட் "டிஸ்கார்டிங்" (அடைத்து வைத்தது) என்று காட்ட வேண்டும். ஒன்றுகூட இல்லையென்றால் ஏதோ ஒரு கார்டு எங்கேயோ சுருண்டு கிடக்கிறது. பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டு ஒரு ஃபைபரை உருவுங்கள், ஒன்றிரண்டு பிங் தவறித் திரும்ப வர வேண்டும்.

கடைசியாக மேஜைக்கடியில் இருக்கும் 5 போர்ட் குட்டி சுவிட்ச். அதன் இரண்டு போர்ட்டை ஒரே கார்டால் இணைத்தால், மேலே உள்ள மேனேஜ்டு சுவிட்ச் தன் பிபிடியூவே திரும்பி வருவதைப் பார்த்து அந்த போர்ட்டை மூட வேண்டும். சில குட்டி சுவிட்சுகள் பிபிடியூவை விழுங்கிவிடும், அதனால் பிராட்காஸ்ட் அளவு மீறினால் தடுக்கும் ஸ்டார்ம் கன்ட்ரோலும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அட்மின் பாஸ்வேர்டையும் கான்ஃபிக் பேக்கப்பையும் அன்றைக்கே கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.