வீனஸ்: 1969 பதிவா, 1986 பதிவா?

எதை முதலில் கேட்பது என்று குழம்புகிறவர்களுக்காக இது. நெதர்லாந்தின் ஷாக்கிங் ப்ளூ இசைக்குழு 1969-இல் வெளியிட்ட ‘வீனஸ்’ பாட்டை லண்டனின் பனானராமா குழு 1986-இல் மறுபடி பாடியது, இரண்டுமே அமெரிக்காவில் முதலிடம் பிடித்தன.

குரல்: பழையதில் மாரிஸ்கா வெரெஸின் கனத்த, கம்பீரமான ஒற்றைக்குரல், அதற்கு ஈடே கிடையாது. புதியதில் மூன்று பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள், நாமும் கூடவே பாடிவிடலாம்.

இசை: பழையதின் தொடக்கத்தில் கிட்டாரை வெட்டி வெட்டி மீட்டும் அந்தச் சில நொடிகளே ஆளை நிமிர வைத்துவிடும். புதியதில் ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மேன் என்ற தயாரிப்பாளர் கூட்டணி சிந்தசைசரை அடுக்கி, தாளத்தை ஓயாமல் விரட்டுகிறது.

ஆட்டம்: சந்தேகமே வேண்டாம், 1986.

சரி, பார்ட்டிக்குப் பனானராமா, ஹெட்போனில் தனியாகக் கேட்க ஷாக்கிங் ப்ளூ. ஒன்றே ஒன்றுதான் என்றால் நான் பழையதின் பக்கம், ஷாக்கிங் ப்ளூவின் கிட்டார் கலைஞர் ராபி வான் லேவென் எழுதிய மெட்டு அதில்தான் முழுசாகக் காதில் விழுகிறது.