அனுமார் நோட்டு: ஐந்தரை வருஷம் வைத்திருந்த அனுபவம்

கடலூரில் சின்ன அளவில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். வீடு, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் குடோன், எப்போதாவது ஒரு கடைக்கு மேல்மாடி. ஒரே நேரத்தில் நான்கு சைட்டுக்கு மேல் ஓடாது. 2020 ஜூனிலிருந்து ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு அனுமான நோட்டு, அதாவது எதையெல்லாம் நம்பி வேலையில் இறங்குகிறோம் என்று எழுதிவைக்கிற நோட்டு, வைத்திருக்கிறேன். மேஸ்திரியிடம் முதல்முறை சொன்னபோது, "அனுமார் நோட்டா சார்? பஞ்சவடி ஆஞ்சநேயர் கோயில்ல பூஜை போட்டு வாங்கினதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் சைட்டுகளில் அதற்கு அதுதான் பெயர்.

ஆரம்பித்ததே அடிபட்டுத்தான். 2020 மார்ச்சில் புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் பாகூர்ப் பக்கம் ஒரு வீடு. சென்ட்ரிங் (காங்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடித்து, கம்பி கட்டி, ரூஃப் போட நாள் குறித்த நிலை. கொத்தனார் குழு முழுக்கக் கடலூர்க்காரர்கள். 25-ஆம் தேதி ஊரடங்கு. சரி, அதை யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் பிறகு கட்டுமான வேலைக்கு அனுமதி வந்தபோதும், ஆட்களை எல்லை தாண்டிக் கூட்டிப்போக முடியவில்லை. தினமும் முள்ளோடையில் டீ குடித்துவிட்டு அந்தப் பக்கம் போகிற எங்களுக்கு, அங்கே ஒரு எல்லை இருப்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. கட்டிய கம்பி துருப்பிடித்தது, சென்ட்ரிங் வாடகை ஏறியது. என் கால அட்டவணையில் தேதி இருந்தது, ஆள் கணக்கு இருந்தது. "இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போகலாம்" என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

சென்னையில் ஐடி கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜராக இருக்கும் நண்பனிடம் புலம்பினேன். இதற்கென்றே ஒரு பதிவேடு உண்டு என்றான். பிஎம்பாக் என்ற புராஜெக்ட் மேலாண்மைக் கையேட்டின், 2017-இல் வந்த ஆறாம் பதிப்பில் அனுமானப் பதிவேடு தனி ஆவணமாகவே இடம்பெற்றிருக்கிறது, வேலைக்கு ஒப்புதல் வாங்கும் கட்டத்திலேயே அதைத் திறந்துவிட வேண்டும் என்று விளக்கிவிட்டு ஒரு எக்செல் ஷீட் அனுப்பினான். பதினான்கு கட்டம். நம்பகத்தன்மைக்கு ஒரு மதிப்பெண், பாதிப்புக்கு ஒரு மதிப்பெண், இரண்டையும் பெருக்கினால் ஒரு நிறம். இரண்டு மாதம் நானே நிரப்பி நானே ரசித்தேன், வேறு யாரும் திறக்கவில்லை. பிறகு காசு கட்டி ஒரு செயலியை மூன்று மாதம் ஓட்டினேன். அது அனுப்பிய நினைவூட்டல்களை மேஸ்திரி குட்மார்னிங் படங்களோடு சேர்த்து அழித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் நிலைத்தது லாங் சைஸ் கோடு போட்ட நோட்டுதான். ஐந்து கட்டம்: எதை நம்பி இறங்குகிறோம், யார் சொன்னது, எந்தத் தேதிக்குள் பார்ப்பது, யார் பார்ப்பது, பொய்த்தால் என்ன செய்வது.

இதில் எனக்கு அதிகம் உழைத்தது இரண்டாவது கட்டம். "மனையில் தண்ணீர் நல்ல தண்ணீர்" என்று எழுதிவிட்டு, யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்ப்போம். ஓனர் சொன்னதாக நான் நினைத்திருப்பேன். நான் சொன்னதாக மேஸ்திரி நினைத்திருப்பார். முதல் சைட்டில் பாதி வரிகளுக்கு எதிரே "யாரும் சொல்லல" என்றுதான் எழுத வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரை ஒரு பாட்டில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்தோம். உப்பு. காங்கிரீட்டுக்கு லாரித் தண்ணீர் வாங்கினோம். கடற்கரைப் பக்கம் வேலை செய்கிறவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். தெரிந்ததால்தான் யாரும் பார்க்கவில்லை.

புதுச்சேரி வேலைகளுக்கென்று தனிப் பக்கமே வந்துவிட்டது. கடலூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனால் மின்துறை வேறு, கட்டட அனுமதி வேறு, லீவு நாள்கூட வேறு. ஒரு நவம்பர் 1-ஆம் தேதி ஃபைலைத் தூக்கிக்கொண்டு அங்கே ஒரு அலுவலகத்துக்குப் போய் நின்றேன். பூட்டியிருந்தது. புதுச்சேரி விடுதலை நாள். ஆகஸ்ட் 15 முடிந்து 16-ஆம் தேதியும் அங்கே லீவு, 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள். இப்போது இவை இரண்டும் நோட்டின் முதல் இரண்டு வரி.

2024 டிசம்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தென்பெண்ணைக் கரையை ஒட்டி ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். நோட்டில் ஒரு வரி: "2015-இல் நின்ற தண்ணீரைவிட ஒன்றரை அடி மேலே பேஸ்மட்டம், போதும்." பேஸ்மட்டம் என்பது வீட்டுத் தரையின் உயரம். யார் சொன்னது: பக்கத்து வீட்டு அம்மா, சுவரில் கறை காட்டினார். பார்க்கும் தேதி: மழைக்காலத்துக்கு முன், செப்டம்பர் கடைசி. அந்தத் தேதியில் நோட்டைப் பிரித்தபோது மேஸ்திரி சொன்னார்: "சார், அந்தக் கறை விழுந்தப்ப ரோடு இவ்வளவு ஒசரம் இல்ல. மேல மேல போட்டுட்டாங்க. இப்ப தண்ணி போவ வழியில்ல." டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்துப் பார்த்தோம். ரோட்டுக்கும் பேஸ்மட்டத்துக்கும் ஒரு சாண்கூட இல்லை. பேஸ்மட்டத்தை உயர்த்த ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை. சுவர் எழும்பிவிட்டது, காசும் இல்லை, நியாயம்தான். அதனால் ஐந்தாவது கட்டத்தில் எங்களால் முடிந்ததை எழுதினோம்: மோட்டார் சுவிட்சு, மீட்டர் போர்டு ஐந்தடிக்கு மேலே. சிமென்ட் கீழே வைக்கக் கூடாது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் சைட்டில் முழங்கால்கூட இல்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன். தண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது. மேற்கே கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் கொட்டிய மழை சாத்தனூர் அணைக்கு வந்து, டிசம்பர் 2 அதிகாலையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. எண்பது மூட்டை சிமென்ட் மாடியில் பத்திரமாக இருந்தது. கீழே அடுக்கியிருந்த கதவு, நிலைச்சட்டம் எல்லாம் ஊறிப் போயின. மரத்தைப் பற்றி நோட்டில் ஒரு வரியும் இல்லை.

ஆகவே நோட்டு காப்பாற்றியதா என்றால், பாதி. நாங்கள் எழுதிய அனுமானத்துக்குள்ளேயே எழுதாத இன்னொன்று இருந்தது. 2015-இல் வந்த தண்ணீர்தான் உச்சம் என்று எடுத்துக்கொண்டோம், அதுவும் மழை நம் தலைக்கு மேல் பெய்தால்தான் தண்ணீர் வரும் என்ற கணக்கில். ரோட்டை அளந்த நாங்கள் அணையை நினைக்கவே இல்லை. அதன் பிறகு ஆற்றோர வேலைகளில் "தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும்?" என்று தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

கோட்டேஷனிலும் இதைப் பயன்படுத்துகிறேன், அங்கே அனுபவம் கலவைதான். "கீழ்க்கண்டவற்றை நம்பியே இந்த விலை" என்று நான்கு வரி போடுவேன். எம்-சாண்ட் விலை, கம்பி விலை, அஸ்திவாரத்தில் நான்கடிக்குள் நல்ல மண், சிமென்டுக்கு ஜிஎஸ்டி அப்போது இருந்த 28 சதவீதம். ஜிஎஸ்டி ஏறினால் விலை ஏறும் என்று உஷாராகப் போட்ட வரி அது. 2025 செப்டம்பர் 22-இல் சிமென்ட் ஜிஎஸ்டி 18-க்கு இறங்கியது. அன்று மாலையே மஞ்சக்குப்பம் ஓனர் என் கோட்டேஷனைப் படம் எடுத்து, அந்த வரிக்குக் கீழே சிவப்பாகக் கோடு போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். குறைத்துத்தான் கொடுத்தேன். எழுதினவன் நான்தானே.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் சைட்டில் அறுபத்து மூன்று வரி எழுதினோம். யாரும் படிக்கவில்லை. பொய்த்தால் வேலை நிற்குமா, காசு போகுமா என்று கேட்டு வடிகட்டியதில் இப்போது பன்னிரண்டு, பதினைந்துதான் தேறுகிறது. அஸ்திவாரம் முடிந்ததும் நோட்டைத் தொடுவது நின்றுவிடும். பூச்சு, டைல்ஸ் கட்டத்தில்தான் சண்டையே வரும், அப்போது நோட்டு எங்கே கிடக்கிறது என்று தேடுவோம். இதற்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது பிரிப்பது என்று வைத்திருக்கிறேன், பாதி சனிக்கிழமைகள் தவறுகின்றன.

இன்னொன்று, "யார் சொன்னது" கட்டம் சில ஆட்களைப் பயமுறுத்துகிறது. தன் பெயர் ஏறினால் பழி வரும் என்று ஒரு எலெக்ட்ரீஷியன் எதையும் வாய் திறந்து சொல்வதையே நிறுத்திவிட்டார். அதனால் பொய்த்துப்போன வரிகளில் என் பெயர் இருப்பவற்றை முதலில் சத்தமாகப் படிக்கிறேன். போன சனிக்கிழமை படித்தது: "அமாவாசை அன்று கொத்தனார் வரமாட்டார்கள், வடக்கத்தி ஆட்கள் வருவார்கள்." யார் சொன்னது: நான். அவர்களும் வரவில்லை. எங்கள் மேஸ்திரியோடு சேர்ந்து இரண்டு வருஷமாக அவர்களும் அமாவாசை லீவு எடுக்கப் பழகிவிட்டார்களாம்.